நாயைக் கொடுத்துவிடுவது பாவமா?

2003-ல் வந்த ஹட்ச் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு சின்னப் பையன், அவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடும் ஒரு பக் நாய். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்தச் சப்பை மூக்கு நாய்க்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும், பள்ளிப்பட்டு மாதிரி ஊரின் கத்திரி வெயிலைத் தாங்காது என்று யாரும் சொல்லவில்லை. (விளம்பரம் விற்றது போன் கனெக்‌ஷனை, நாயை அல்ல!)

வீடு மாறும்போது நாய் பாரமாகிவிடுகிறது. சிலர் ராத்திரியில் பைக்கில் கொண்டுபோய் ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள். எப்படியாவது பிழைத்துக்கொள்ளுமாம்! வேளாவேளைக்குத் தட்டில் சோறு தின்ற நாய், தெரு நாய்களின் எல்லைக்குள் எப்படிப் பிழைக்கும்? 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றம். முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். ஒரு பிரியாணிகூட வராது.

பெங்களூரில் கூபா அமைப்பு தொடங்கிய ‘செகண்ட் சான்ஸ்’ மாதிரி, கைவிடப்பட்ட ஜாதி நாய்களுக்கு வேறு வீடு தேடித்தரும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சென்னை ப்ளூ கிராஸிலும் தத்துக் கொடுக்கிறார்கள். பள்ளிப்பட்டிலிருந்து தூரம்தான், ஆனால் ஒரு போன் போட்டுக் கேட்கலாமே. தத்தெடுக்க வருகிறவரைத் துருவித் துருவிக் கேள்வி கேட்பார்கள். “நாய்க்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா?” என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. இதே கேள்விகளை முதலில் விற்றவர் கேட்டிருந்தால் பாதி நாய்கள் கைமாறியே இருக்காது.

கொடுப்பவரும் உண்மையைச் சொல்ல வேண்டும். கடிக்கும் என்றால் கடிக்கும் என்றே சொல்ல வேண்டும். “ரொம்ப சாது” என்று தள்ளிவிட்டால் போகிற வீட்டுக் குழந்தை கடிபடும், நாயும் மறுபடி தெருவுக்கு வந்துவிடும்.