சீட்டில் இருந்த சின்னச் சொல்

'கோ, வென்ட், கான்' என்று வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு இங்கிலீஷ் படித்தவள் நான். உங்களில் பலரும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். பரீட்சை முடிந்த கையோடு ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, இனிமேல் இந்த இறந்த காலத்தோடு நமக்கென்ன வேலை என்று நிம்மதியாக இருந்தேன். போன மாசி மாதம் அது என் மாமியாரின் டிஸ்சார்ஜ் சீட்டில் வந்து நின்றது.

அத்தைக்குப் பெரம்பலூர்ப் பக்கம் கிராமம். மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று எழுபது வயதிலும் காட்டை விட்டு வரமாட்டார். காய்ச்சல் வந்து பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். சர்க்கரை நோய் பல வருஷமாக உண்டு. டிஸ்சார்ஜ் ஆனதும் அரியலூருக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தேன். கையில் கம்ப்யூட்டரில் அடித்த இரண்டு பக்கச் சீட்டு. வீட்டில் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்திதானே! கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன்.

அதில் ஒரு வரி: 'சேஞ்ச்ட் ஃப்ரம் கிளிபென்கிளமைட் டு மெட்ஃபார்மின்.'

நான் எப்படிப் படித்தேன் தெரியுமா? கிளிபென்கிளமைட் டு... அதாவது கிளிபென்கிளமைடுக்கு மாற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் மெட்ஃபார்மின் என்றும் போட்டிருக்கிறது, ஆகவே அதுவும் உண்டு. வீட்டில் இருந்த பழைய அட்டையிலிருந்து ஒன்று, புது அட்டையிலிருந்து ஒன்று என்று வேளை தவறாமல் இரண்டையும் கொடுத்தேன். காய்ச்சலில் படுத்தவருக்குச் சாப்பாடு அரை வயிறுகூட இல்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை. "ஏம்மா, கையெல்லாம் நடுங்குது, கண்ணு இருட்டுது" என்றார். உடம்பெல்லாம் தெப்பமாக வேர்த்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் 48. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரைதான். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். நினைவு இருந்ததால் கொடுத்தேன். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். கால் மணியில் கொஞ்சம் தெளிந்தார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நல்லதாயிற்று. கிளிபென்கிளமைட் இறக்கிய சர்க்கரை ஒரு தடவை ஏறினாலும் மறுபடி இறங்கிவிடும், அதுவும் வயதானவர்களுக்கு.

அங்கே டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இது பழைய மாத்திரைலேருந்து புது மாத்திரைக்கு மாத்தினதும்மா. பழசை நிறுத்தியாச்சு. வயசானவங்க, சரியா சாப்பிடறதில்லைன்னுதான் மாத்தியிருக்காங்க. நீங்க ரெண்டையும் குடுத்திருக்கீங்க." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வரி மனசைக் குடைந்துகொண்டே இருந்தது. பி.ஏ. படித்தும் ஏன் தப்பாகப் படித்தேன்? தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்: வீட்டிலிருந்து, கடைக்கு, அம்மாவோடு, ஊரில். இங்கிலீஷிலோ பெயருக்கு முன்னாலேயே போய் நிற்கிறது. இரண்டு பெயருக்கு நடுவே ஒரு 'டு' நின்றால், நம் காது அதைத் தானாக முந்தைய பெயரோடு சேர்த்துவிடுகிறது. 'டு' சேர வேண்டியது பிந்தியதோடு!

நம் பேச்சும் இதற்கு ஒரு காரணம். நாம் இங்கிலீஷ் பேசாமலா இருக்கிறோம்? 'அட்மிட் பண்ணினோம்', 'டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க', 'ஸ்கேன் எடுத்தாங்க' என்று மூச்சுக்கு மூச்சு வருகிறது. ஆனால் கவனித்தீர்களா? அட்மிட் என்கிற மொட்டைச் சொல்லை மட்டும்தான் இரவல் வாங்குகிறோம். இறந்த காலம் நம்முடைய 'பண்ணினோம்'-இல் இருக்கிறது, உருபு 'ஆஸ்பத்திரியில'-இல் இருக்கிறது. 'அட்மிட்டட்' என்றோ 'இன் ஹாஸ்பிடல்' என்றோ யாரும் சொல்வதில்லை. ஆக, அந்த 'ட்'டும் இந்த ஃப்ரம், டு, வித், ஆன், ஃபார் எல்லாமும் நம் வீட்டுக்குள் பேச்சு வழியாக வருவதே இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு வழியாகத்தான் வருகின்றன.

இன்னொன்று. தமிழ் இறந்த காலத்தில் ஆள் யார் என்பதும் கூடவே வந்துவிடும். செய்தாள், உண்டாள், தின்றாள், பாடினாள். த், ட், ற், இன் என்று காலம் காட்டி, கடைசியில் 'ஆள்' என்று அவளையும் காட்டிவிடுகிறது. நிறுத்தினேன் என்றால் நான். நிறுத்தினார்கள் என்றால் அவர்கள். இங்கிலீஷ் 'ஸ்டாப்ட்' யாரைப் பற்றியும் வாய் திறக்காது. நிறுத்தியது யார் என்பதை, பெயர் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'ஸ்டாப்ட் டேப்லட்ஸ்' என்று நோயின் கதையைச் சொல்லும் பகுதியில் இருந்தால், பெரும்பாலும் நோயாளி தானாக நிறுத்திவிட்டு வந்தார் என்று அர்த்தம். 'டேப்லட்ஸ் ஸ்டாப்ட்' என்று சிகிச்சைப் பகுதியில் இருந்தால் டாக்டர் நிறுத்தியது.

அன்று முதல் அந்தச் சீட்டை நானும் எட்டாவது படிக்கும் என் பையனும் பாடப் புத்தகம் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 'அட்மிட்டட் வித் ஃபீவர்' என்பதைப் பார்த்து, "காய்ச்சலும் பாட்டியும் ரெண்டு பேருமா அட்மிட் ஆனாங்க?" என்று சிரித்தான். சிரிப்பானேன், நாமும் 'காய்ச்சலோடு வந்தார்' என்றுதானே சொல்கிறோம்! இந்த 'வித்' நமக்குச் சிநேகிதம்தான். ஆனால் அதே 'வித்', 'ட்ரீட்டட்'டுக்குப் பின்னால் வந்தால் மருந்தைக் குறிக்கும். 'ட்ரீட்டட் ஃபார்' என்றால் நோயை. எந்த நோய்க்கு, எந்த மருந்தால் என்று நம் பாஷையில் கேட்டுக்கொண்டால் புரிந்துவிடும்.

ரொம்ப ஏமாற்றுகிற ஆள் 'ஆன்'. 'டிஸ்சார்ஜ்ட் ஆன்' என்று போட்டுத் தேதி இருந்தால், அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே 'டிஸ்சார்ஜ்ட் ஆன் இன்சுலின்' என்றால், இன்சுலின் போட்டுக்கொண்டு இருக்கும் நிலையில் அனுப்பினார்கள். வீட்டிலும் ஊசி தொடர வேண்டும். வினை ஒன்று, 'ஆன்' ஒன்று. பின்னால் நிற்பது தேதியா மருந்தா என்பதில் ஒரு மனுஷியின் தினசரி ஊசியே அடங்கியிருக்கிறது. 'ஸ்டார்ட்டட் ஆன்' என்பதும் இப்படியே.

'வித்ஹெல்ட்' என்று ஒரு சொல். உள்ளே 'ஹெல்ட்' இருக்கிறதே, பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். கிடையாது, கொடுக்காமல் நிறுத்தி வைத்தது. வெறும் 'ஹெல்ட்' என்று மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் போட்டாலும் அதுதான். எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டுக்கொண்டு வரவேண்டும்.

'அட்வைஸ்ட்' கதை வேறு. சீட்டில் மற்ற இறந்த கால வினைகள் எல்லாம் அவர்கள் செய்து முடித்தவை. இதிலும் 'சொன்னது' அவர்கள்தான். செய்ய வேண்டியது நாம். 'அட்வைஸ்ட் டு ரிவ்யூ ஆஃப்டர் ஒன் வீக்' என்றால், ஒரு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னோம் என்பதே. முடிந்துபோன சங்கதி என்று மடித்து பீரோவில் வைத்துவிடாதீர்கள். (எங்கள் பக்கத்து வீட்டில் வைத்தார்கள்.)

இவ்வளவு சொல்வதால், நீங்களே சீட்டைப் படித்துப் புரிந்துகொண்டு மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் கிளம்பிவிட வேண்டாம். நான் செய்த தப்பே அதுதானே? டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டில் இருக்கும் பழைய அட்டைகளையும் ஒரு பையில் கொண்டு போங்கள். நர்ஸ் முன்னால் பரப்பி வைத்து, "இதில் எது உண்டு, எது இல்லை?" என்று தமிழில் கேளுங்கள். கூட்டம் நெரிந்தாலும், எரிந்து விழுந்தாலும் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறவர்களிடமும் சீட்டைக் காட்டலாம். சந்தேகம் என்றால் எந்த டாக்டரிடம் போவது என்று சொல்வார்கள்.

ஒரு வாரம் கழித்து ரிவ்யூவுக்குப் பெரம்பலூர் போனோம். அத்தை, வந்தது வந்தோம், சிறுவாச்சூர் மதுரகாளியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அன்று வெள்ளி, அங்கே நடை திறந்திருக்கும் நாள். "நீ படிச்ச படிப்புலேருந்து என்னைக் காப்பாத்தினது அவதான்" என்று பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பையில் இருந்த சீட்டில், அந்த வரிக்குப் பக்கத்திலேயே டாக்டர் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'பழைய மாத்திரை வேண்டாம்.'