மூலையிலிருந்து வந்த பந்து

காற்பந்தில் கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும். அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயரையோ நாம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிக் கொடுத்துக் கொடுத்தே பெரும்பெயர் வாங்கிய ஒருவரைப் பற்றி இம்முறை சொல்கிறேன், வாசகர்களே.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் 1964-ஆம் ஆண்டு பிறந்தவர் அபேடி ஆயு. நடுத்திடல் ஆட்டக்காரர். பிரேசிலின் பெலேயை நினைவூட்டும் ஆட்டம் என்பதால் ‘அபேடி பெலே’ என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. 1982-இல் லிபியாவில் கானா ஆப்பிரிக்கக் கிண்ணத்தை வென்றபோது அவருக்கு வயது 17. பின்னர், கட்டார், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி என்று நாடு நாடாகப் போய் ஆடிப் பிழைத்தார்.

1993 மே 26. மியூனிக் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். பிரான்சின் மார்சே குழுவும் இத்தாலியின் ஏசி மிலானும் மோதின. முதல் பாதி முடியும் வேளையில் அபேடி மூலையிலிருந்து பந்தை உதைத்தார். பசில் போலி தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். அந்த ஒரே கோலில் மார்சே வென்றது. ஒரு பிரெஞ்சுக் குழு அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை. 1991, 1992, 1993 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அபேடிக்கே கிடைத்தது.

இத்தனை இருந்தும் உலகக் கிண்ணத் திடலில் அவர் கால் பட்டதே இல்லை. 1990 வரை 24 நாடுகள் ஆடிய அப்போட்டியில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுமைக்கும் இரண்டே இடங்கள்தாம். கானா முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்று ஆடியது 2006-இல். அபேடியோ அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

இன்னொரு வேதனையும் உண்டு. 1992-இல் செனகலில் நடந்த ஆப்பிரிக்கக் கிண்ண அரையிறுதியில் கிடைத்த மஞ்சள் அட்டையால் அவர் இறுதியாட்டத்தில் இறங்க முடியவில்லை. தலைவர் வெளியே இருக்க, கானா 11-10 என்ற பினால்டிக் கணக்கில் ஐவரி கோஸ்ட்டிடம் தோற்றது. 18 ஆண்டுகள் கழித்து, 2010 உலகக் கிண்ணத்தில் அவர் மகன் ஆந்த்ரே ஆயுவுக்கும் அதே கதி. மஞ்சள் அட்டைகளால் கால் இறுதியில் ஆட முடியாமல் போனது. உருகுவேயிடம் கானா பினால்டியில்தான் தோற்றது. தந்தைக்கு வந்த சோதனை மகனையும் விடவில்லை.

ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. 2014 உலகக் கிண்ணத்துக்கு ஆந்த்ரேயும் தம்பி ஜோர்டனும் சேர்ந்தே போனார்கள். ஆந்த்ரே அமெரிக்காவுக்கு எதிராக ஒன்றும் ஜெர்மனிக்கு எதிராக ஒன்றுமாக இரண்டு கோல் அடித்தார். அதுவும் எங்கே? பெலேயின் பிரேசிலில்! தந்தை பெயரை இரவல் வாங்கிய மண்ணில் மகன் கணக்கைத் தீர்த்துவிட்டார்.

மூலையில் நின்று அபேடி உதைத்த பந்து பசில் போலிக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. மகன் காலுக்கும் வந்து சேர்ந்தது.

பெற்றோர்களே, மாலையில் உங்கள் பிள்ளை திடலிலிருந்து புழுதியோடு வீடு திரும்பினால், “எத்தனை கோல் அடித்தாய்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “யாருக்குப் பந்து கொடுத்தாய்?” என்றும் கேளுங்கள்.