சல்யூட்டின் அந்தப் பக்கம்

பியூனாகச் சேர்ந்தவர் அதே ஆபீஸில் மேனேஜர் ஆகிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், சினிமாவில். ஒரே பாட்டில் ஆகிவிடுவார். நிஜத்தில், இருபது வருஷம் ஃபைல் தூக்கி, டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதி, கிளார்க் ஆவார். அதற்கே நாம் ஸ்வீட், காரம், காபி கேட்போம்.

ஆனால் நம் நாட்டில் ஓர் ஆபீஸ் இருக்கிறது. கடைசிப் படியில் சேர்ந்த பையனைப் பிடித்து, மூன்று வருஷம் காலேஜில் படிக்க வைத்து, டிகிரியும் வாங்கிக் கொடுத்து, இன்னும் ஒரு வருஷம் புரட்டியெடுத்து, லெஃப்டினென்ட் ஆக்கி அனுப்புகிறது. நேற்றுவரை அவனை விரட்டிய சுபேதார் இன்று அவனுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். ராணுவம்தான் ஸார். காலேஜின் பெயர் ஆர்மி கேடட் காலேஜ். சுருக்கமாக ஏ.ஸி.ஸி. (சிமென்ட் இல்லை.)

இது இன்று நேற்று ஐடியா இல்லை. 1929-லேயே மத்தியப் பிரதேசத்து நவ்காங்கில் கிச்சனர் காலேஜ் என்று வெள்ளைக்காரன் ஆரம்பித்தது. சிப்பாய்களிலிருந்து ஆபீஸர்களைப் பொறுக்கி எடுக்க. பிறகு பெயர் மாறி, புனே போய், 1977-ல் டேராடூன் வந்து, 2006-லிருந்து அங்குள்ள இந்திய ராணுவ அகாடமியின் ஒரு பிரிவாக இருக்கிறது.

'அடிமட்டத்திலிருந்து வந்தவன் எவ்வளவு தூரம் போவான்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அந்த அகாடமியின் முதல் பேட்ச், 1932-ல், மொத்தம் நாற்பது பேர். அதில் ஒருவர் ஸாம் மானெக்‌ஷா. இன்னொருவர் முகமது மூஸா. சாதாரண சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, அங்கிருந்து தேர்வாகி வந்தவர். பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போய், 1958-லிருந்து 1966 வரை அந்த நாட்டு ராணுவத்துக்கே தலைமைத் தளபதி. 1965 யுத்தத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர் அவர்தான். சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர், 'ஜவான் டு ஜெனரல்'. எதிரியாக இருந்தாலும் இந்த டைட்டிலுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

சரி, எப்படி நுழைவது? குறைந்தது 2 வருஷ சர்வீஸ். ப்ளஸ் டூ. வயசு 20-லிருந்து 27-க்குள். யூனிட் கமாண்டிங் ஆபீஸரின் சிபாரிசு. அப்புறம் எழுத்துப் பரீட்சை. அதையும் தாண்டினால் எஸ்.எஸ்.பி. என்கிற ஐந்து நாள் அக்னிப் பரீட்சை. அறுபது வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். பதினைந்து விநாடிக்குள், பார்த்ததும் தோன்றுவதை எழுத வேண்டும். பன்னிரண்டு படத்துக்குக் கதை எழுதச் சொல்வார்கள், அதில் கடைசிப் படம் வெறும் வெள்ளை அட்டை. கயிறு, கட்டை, டிரம் கொடுத்து, 'ஆற்றைக் கடந்து காட்டு' என்பார்கள். ஆறு இருக்காது. சிபாரிசுக் கடிதத்துக்கு அங்கே வேலை இல்லை, உங்கள் மாமா எம்.எல்.ஏ.வாகவே இருந்தாலும்.

எங்கள் தெருவில் பட்டாளத்துப் பையன் ஒருவன். வீட்டுக் கஷ்டத்தில் ப்ளஸ் டூ முடித்த கையோடு ஓடியவன். புத்திசாலி. வயசு இருபத்தைந்து. "ஏம்பா, நீ எழுதலையா?" என்று கேட்டேன். "இங்கிலீஷ் வராதுண்ணே. அதெல்லாம் ஆபீஸர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ராஜஸ்தான் வெயிலில் துப்பாக்கியோடு நிற்கிறவனுக்கு, ஒரு ப்ரிபொசிஷனைப் பார்த்தால் உதறுகிறது!

தம்பி, இங்கிலீஷ் பரம்பரைச் சொத்து இல்லை. தினம் ஒரு மணி நேரம் பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்தால், ஒரு வருஷத்தில் நாக்கு வழிக்கு வந்துவிடும். வயசுதான் வராது. பி.காம். படித்தவன் சொல்கிறேன். பல சொத்துகளுக்குத் தேய்மானம் எழுதலாம், ஆனால் இந்த 27 என்கிற சொத்து, பிறந்தநாள் கேக் வெட்டியதும் மொத்தமாக ஜீரோ.

பட்டாளத்தில் இல்லாத காலேஜ் தம்பிகளுக்கும் ஒரு சந்து உண்டு. என்.ஸி.ஸி. 'ஸி' சர்டிஃபிகேட்டில் குறைந்தது 'பி' கிரேடும் டிகிரியில் 50 சதவிகிதமும் இருந்தால், எழுத்துப் பரீட்சையே கிடையாது. நேராக எஸ்.எஸ்.பி. தேறினால் பயிற்சி, நம்ம பரங்கிமலை ஆபீஸர்ஸ் டிரெய்னிங் அகாடமியில். வயசு 19-லிருந்து 25. சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே ஆணியைப் பிடுங்கவும்.

உங்கள் சொந்தத்தில், தெருவில், பட்டாளத்துப் பையன் யாராவது லீவில் வந்தால், "கேன்டீன் சரக்கு இருக்கா?" என்று கேட்பதற்கு முன்னால், "உனக்கு என்ன வயசாகுது?" என்று கேளுங்கள். இருபத்தேழுக்கு உள்ளே என்றால், உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

சரக்கை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.