வேலைநீக்கமும் சட்டத்துக்கு வெளியே நிற்போரும்

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் நெக்ஸ்ட் ஆடைத் தொழிற்சாலை 2025 மே மாதத்தில் திடீரென மூடப்பட்டபோது ஏறத்தாழ 1,400 பேர் தொழிலை இழந்தனர். இத்தகைய வேளைகளில் தொழில் வழங்குநரின் கடப்பாடு யாதென்பதை 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் தெளிவாகவே கூறுகின்றது. ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த காரணங்களுக்காக வேலைநீக்குவதாயின், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதியோ பெறப்படல் வேண்டும். நட்டஈடும் உண்டு, முதல் ஐந்து வருட சேவைக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். அதன் உச்ச வரம்பு 2021இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

ஏட்டளவில் கடுமையான சட்டந்தான். ஆயினும் 15 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டையின் சிறு கடைகளில் பணிபுரியும் எமது இளைஞர்களை நீக்குவதற்கு, "நாளை முதல் வரவேண்டாம்" என்ற ஒரு வார்த்தையே போதுமானதாகின்றது. அக்கடைகளின் உரிமையாளர்களிற் பலரும் எம்மவர்களே என்பதைச் சொல்லாதிருக்க முடியவில்லை. ஓர் ஊழியர் மாத்திரமே இருப்பினும் சேமலாப நிதிக்கு தொழில் வழங்குநர் 12 வீதம் செலுத்தியாக வேண்டும். கடை மூடப்படும் நாளிலேயே தமது பெயர் பதியப்படவில்லை என்பதை அறிவோரும் உளர்.

நட்டஈடு பெறுபவர்க்கும் அது ஒருதடவைக் கொடுப்பனவே. அடுத்த வேலை கிடைக்கும்வரை தாங்கிப்பிடிக்க வேலையிழப்புக் காப்புறுதி எதுவும் நடைமுறையில் இல்லை. நம்பிக்கை நிதியத்துக்கு மாதாந்தம் 3 வீதம் அறவிடப்படுவதைப் போன்று, சிறு நிறுவனங்களையும் உள்ளடக்கிய காப்புறுதி நிதியமொன்றைத் தாமதமின்றி உருவாக்குமாறு தொழில் அமைச்சை வலியுறுத்துகின்றோம்.