வானம் தெரியும் நீரில் முதலில் தேர்ச்சி



நீந்தத் தெரியாதவன்தான் நீரில் மாள்வான் என்று நாம் எண்ணுகிறோம். நீருக்கடியில் உள்ள குகைகளின் வரலாறோ வேறொன்றைக் கூறுகிறது. அங்கே மாண்டவர்களுள் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கடலில் பல்லாண்டுகள் மூழ்கிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். பிறருக்கு மூழ்கக் கற்றுக் கொடுத்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள்! அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தெளிந்த நன்னீர் ஊற்றுகள் பல உண்டு. அவற்றின் அடியில் திறக்கும் குகைவாயில்களில் மரண உருவம் வரைந்த எச்சரிக்கைப் பலகைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். குகைப் பயிற்சி பெறாதவர் இதற்கு மேல் ஓரடியும் செல்ல வேண்டாம் என்பதே அவற்றின் செய்தி. ஆசிரியர்களும் இங்கே மாண்டிருக்கிறார்கள் என்பதை அப்பலகைகள் மறைக்காமல் சொல்கின்றன.

வேலைக்காகவும் படிப்புக்காகவும் கடல்கடந்து சென்ற நம் பிள்ளைகளுள் சிலர், விடுமுறை நாட்களில் ஸ்கூபா என்னும் கடல்மூழ்கல் கலையைப் பயில்கின்றனர். நல்ல கலைதான், உடலுக்கும் உள்ளத்துக்கும் உரமூட்டுவதுதான். ஆனால் சில நாள் பயிற்சியில் ஓர் அட்டை கைக்கு வந்ததும், அடுத்தது குகைதான் என்று துடிக்கும் இளநெஞ்சங்களும் உண்டு. ஆகவே, குகைக்குள் செல்லும் பயிற்சிக்கு முன் திறந்த நீரில் எவற்றையெல்லாம் கைவரப் பெற வேண்டும், ஏன் பெற வேண்டும் என்பதை இம்மாதம் காண்போம்.

கூரை உள்ள நீர்

திறந்த நீருக்கும் குகை நீருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. திறந்த நீரில் தலைக்கு மேலே வானம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முன்னாளில் முத்துக் குளித்தவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார், மூச்சு முட்டியதும் கயிற்றை அசைத்தார், தோணியில் இருந்தவர் இழுத்தார், மேலே வந்தார். குகையில் மூழ்குபவருக்கு அந்த வழியில்லை. மேலே பாறை. எந்த இடர் வந்தாலும் வந்த வழியே நீந்தித் திரும்பிய பிறகுதான் மேலே எழ முடியும். அதாவது, குகையில் நேரும் துன்பத்தைக் குகைக்குள்ளேயே, இருக்கின்ற காற்றைக் கொண்டே தீர்த்தாக வேண்டும்.

காற்றுக் குப்பியோடு தன்னிச்சையாக மூழ்கும் கருவியை 1943ஆம் ஆண்டில் உருவாக்கியவர்களுள் ஒருவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ. அவரே 1946இல் தம் தோழர் துய்மாவுடன் பிரான்சின் வொக்ளூஸ் ஊற்றுக் குகைக்குள் இறங்கியபோது இருவரும் மரணத்தின் விளிம்புக்குச் சென்று மீண்டனர். காற்று நிரப்பிய இயந்திரத்தின் புகை குப்பிகளுக்குள் கலந்திருந்ததே காரணம். அதே நச்சுக் காற்று திறந்த கடலில் வாய்த்திருந்தால், தலை சுற்றத் தொடங்கியதுமே மேலே எழுந்திருக்கலாம். குகையில் ஒவ்வொரு பிழைக்கும் விலை பன்மடங்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மரணங்கள் கற்பித்த விதிகள்

ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஷெக் எக்ஸ்லி என்பவர் குகைமூழ்கலின் முன்னோடிகளுள் ஒருவர். குகைகளில் நேர்ந்த விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் அவர் ஒரு கையேட்டை வெளியிட்டார். மாண்டவர்கள் மீண்டும் மீண்டும் மூன்று பிழைகளையே செய்திருப்பதை அவர் கண்டார். வாயில் வரை தொடரும் வழிநூலை அவர்கள் இட்டிருக்கவில்லை. திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்கி வைக்கவில்லை. தகுதிக்கு மீறிய ஆழத்துக்குச் சென்றுவிட்டனர். இவற்றோடு முறையான பயிற்சி, ஒவ்வொருவரிடமும் குறைந்தது மூன்று விளக்குகள் என்னும் இரண்டையும் சேர்த்து ஐந்து விதிகளாக இன்று கற்பிக்கிறார்கள்.

காற்று பற்றிய விதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். குப்பியில் 210 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால் 70 பார் உள்ளே செல்வதற்கு. 70 பார் திரும்புவதற்கு. மீதி 70 பார் தொடவே கூடாதது. ஏன் தெரியுமா? மிகத் தொலைவான இடத்தில் தோழரின் காற்று முற்றிலும் நின்றுவிட்டால், உம்மிடமுள்ள 140 பாரில் இருவரும் திரும்ப வேண்டும். அவருக்கு 70, உமக்கு 70. கணக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் இருவரும் பதறாமல், தாமதிக்காமல், வந்த வேகத்திலேயே திரும்பினால்தான் சரியாக இருக்கும்! பதற்றத்தில் மூச்சு இருமடங்கானால் கணக்கு உடைந்துவிடும். இதனாலேயே புதியவர்களை இரட்டைக் குப்பிகளில் ஆறில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பச் சொல்கிறார்கள். அமைதியாக மூச்சு விடும் பழக்கம் இல்லாதவருக்கு எந்த விதியும் காவலாகாது. அந்தப் பழக்கமோ குகையில் வருவதன்று. திறந்த நீரில் வர வேண்டியது.

கைவர வேண்டியவை

முதலாவது, மிதப்புக் கட்டுப்பாடு. மூழ்காமலும் எழாமலும் நீரின் நடுவே நிற்பதுதான் இக்கலையின் அரிச்சுவடி. மூச்சை இழுத்தால் உடல் சற்று எழும். விட்டால் சற்றுத் தாழும். மூச்சை அடக்கி வைத்து நிற்க முயல்வது மட்டும் கூடவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் நிறைந்த காற்று மேற்பரப்புக்கு வரும்போது இருமடங்காக விரியும். அடக்கியவரின் நுரையீரலைக் கிழித்துவிடும். 5 மீட்டர் ஆழத்தில் எதையும் பற்றாமல், கையை வீசாமல், 3 நிமிடம் அசையாது நிற்க முடிகிறதா? முகமூடியைக் கழற்றி மீண்டும் அணியும்போதும் அதே ஆழத்தில் நிற்க முடிகிறதா? முடியவில்லை என்றால் குகையைப் பற்றி இன்னும் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது, உடலின் கிடை. குகையின் தரையில் மாவைப்போல் நுண்ணிய வண்டல் படிந்திருக்கும். கால் தாழ்ந்து, துடுப்பை மேலும் கீழுமாக அடித்து நீந்துபவர் ஒரே உதையில் அதைக் கிளப்பிவிடுவார். கண்ணாடிபோல் இருந்த நீர் சில நொடிகளில் சேற்றுக் குழம்பாகும். கையில் விளக்கிருந்தும் பயனில்லை. அது தெளியச் சில இடங்களில் பல மணி நேரம் ஆகும். காற்று அதுவரை காத்திராது. ஆகவே உடலைப் பாய்போல் கிடையாக வைத்து, முழங்காலை மடித்து, தவளை நீந்துவதுபோல் நீரைப் பின்னோக்கித் தள்ளும் முறையைக் கற்க வேண்டும். மணல் தரைக்கு அரை மீட்டர் உயரத்தில் நீந்திச் சென்று, பின்னே திரும்பிப் பாருங்கள். மணல் கிளம்பியிருந்தால் பயிற்சி போதவில்லை.

மூன்றாவது, காற்றின் கணக்கு. மேற்பரப்பில் 60 நிமிடம் போதும் காற்று, 10 மீட்டரில் 30 நிமிடமும், 30 மீட்டரில் 15 நிமிடமும்தான் போதும். நீரின் அழுத்தம் கூடக்கூட ஒவ்வொரு மூச்சிலும் காற்று மிகுதியாகச் செலவாகிறது. தமக்கு நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும், குளிரிலும் களைப்பிலும் அது எவ்வளவு கூடுகிறது என்பதை ஒவ்வொரு மூழ்கலிலும் குறித்து வைக்க வேண்டும். அளவுமானியைப் பார்க்குமுன்பே அதில் உள்ள எண்ணை ஏறக்குறையச் சொல்லத் தெரிந்திருப்பவரே காற்றை அறிந்தவர்.

நான்காவது, தோழருடன் காற்றைப் பகிர்தல். குகையில் மூழ்குவோர் சுமார் 2 மீட்டர் நீளமுள்ள குழாயில் ஒரு வாய்க்கருவியை வைத்திருப்பர். இடுக்கான வழியில் ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டியிருப்பதே காரணம். காற்றில்லை என்று தோழர் சைகை காட்டியதும் தம் வாயில் உள்ளதையே எடுத்து நீட்டி, கழுத்தில் தொங்கும் மற்றொன்றைத் தாம் கவ்விக்கொள்வர். இதைத் திறந்த நீரில் நின்றும், நீந்தியும், கண்ணை மூடியும் பழக வேண்டும். நினைத்துச் செய்யும் செயலாக இருந்தால் போதாது. கை தானாகவே செய்யும் செயலாக வேண்டும்.

ஐந்தாவது, நூலும் விளக்கும். நூற்சுருளைக் கையாளும் பயிற்சி தரையில்தான் தொடங்குகிறது என்றால் வியப்பீர்கள். மரத்துக்கு மரம் நூலைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் நூலைத் தொட்டபடி வளர்ந்த மனிதர்கள் நடந்து பழகுகிறார்கள்! பின்னர் ஆழமற்ற நீரில் அதையே செய்கிறார்கள். விளக்கொளியால் வட்டமிட்டால் நலம் என்று பொருள்; விரைவாகப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆபத்து என்று பொருள். ஒளியே அணைந்துவிட்டால் தோளைத் தொட்டுப் பேசும் மொழியும் உண்டு.

ஏன் முன்னதாகவே?

இவற்றைக் குகைப் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ளலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். மனித மனம் ஒரே வேளையில் தாங்கும் சுமைக்கு ஓர் அளவுண்டு. மிதப்பைக் காப்பதிலேயே மனம் முழுதும் செலவானால், நூலைக் கவனிப்பது யார்? காற்றைக் கணக்கிடுவது யார்? தோழரின் விளக்கு பின்னால் தெரிகிறதா என்று பார்ப்பது யார்? எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்குக் கதையின் பொருள் புரிவதில்லை அன்றோ! அதுபோலத்தான் இதுவும். அடிப்படைகள் உடலில் ஊறிய பிறகே, புதிய பாடத்துக்கு மனத்தில் இடம் கிடைக்கும். முதலில் பகலொளி எட்டும் குகைமுகப்பு, அடுத்து அறிமுக நிலை, அதன்பின் முழுக் குகை என்று படிப்படியாகவே கற்பிப்பதும் இதனால்தான்.

திறந்த நீரில் தேர்ந்துவிட்டாலே குகைக்குத் தகுதி வந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. 2018ஆம் ஆண்டு ஜூன் 23இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளத்தால் சிக்கிக்கொண்டதை உலகமே கவலையோடு பார்த்தது. தாய்லாந்துக் கடற்படையின் சிறப்புப் படையினர் வீரத்தில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் பழகியது கடல். ஜூலை 2இல் சிறுவர்களைக் கண்டுபிடித்தவர்கள், பல்லாண்டுகள் குகைகளிலேயே மூழ்கிப் பழகிய ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்னும் இரு பிரிட்டானியர். குகையில் காற்றுக் குப்பிகளை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் நினைவிழந்து, முன்னாள் கடற்படை வீரர் சமன் குணன் ஜூலை 6இல் உயிர்நீத்தார். பிறர் பிள்ளைகளுக்காகத் தம் உயிரை ஈந்த அந்த நல்லவரை நன்றியோடு நினைக்காதிருக்க முடியுமா?

ஜூலை 8 முதல் 10 வரை அனைவரும் மீட்கப்பட்டனர். குகைமூழ்கலில் தேர்ந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் அவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகே வெளியே கொண்டுவந்தனர். விழித்திருந்து பதறினால் சிறுவனும் மாள்வான், சுமப்பவரும் மாள்வார் என்று அவர்கள் அஞ்சினர். நீரைவிடக் கொடியது பதற்றம் என்பதை இது காட்டுகிறது. மயக்க மருந்தில்லாமல் பதற்றத்தை வெல்லும் மருந்து ஒன்றுதான்: பலமுறை செய்து பழகிய பழக்கம்.

வீட்டில் கேட்க வேண்டிய வினாக்கள்

உங்கள் பிள்ளையோ தம்பியோ குகைப் பயிற்சிக்குச் செல்லப்போவதாகச் சொன்னால், உடனே கடிந்து தடுக்காதீர்கள். கடிந்தால் சொல்லாமல் செல்லும் வயது அது. பரிவோடு கேளுங்கள். இதுவரை எத்தனை முறை மூழ்கியிருக்கிறாய்? தெளிந்த நீரில் மட்டுமா, கலங்கிய நீரிலும் இரவிலுமா? முகமூடி இல்லாமல் நீந்திப் பழகியிருக்கிறாயா? உன் ஆசிரியர் குகையில் கற்பிக்கும் தகுதி பெற்றவரா? தகுதி போதவில்லை என்று அவர் யாரையேனும் திருப்பி அனுப்பியதுண்டா? கட்டணம் செலுத்திய அனைவருக்கும் அட்டை வழங்கும் ஆசிரியரைவிட, "இன்னும் ஆறு மாதம் பழகி வா" என்று திருப்பி அனுப்பும் ஆசிரியரே உங்கள் பிள்ளையின் உயிரை மதிப்பவர்.

விதிகளை வகுத்த எக்ஸ்லியே 1994 ஏப்ரல் 6இல் மெக்சிகோவின் சக்கத்தோன் என்னும் மிக ஆழமான நீர்க்குழியின் அடியைத் தொட முயன்றபோது உயிரிழந்தார். ஆயிரக்கணக்கான முறை குகைக்குள் சென்று மீண்டவர் அவர். எவ்வளவு தேர்ந்தவருக்கும் எல்லை ஒன்று உண்டு என்பதை அவருடைய மறைவு நமக்கு உணர்த்துகிறது.

குகைமூழ்குவோரிடம் ஓர் அழகிய மரபு இருக்கிறது. குழுவில் எவர் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், எக்காரணம் பற்றியும் "திரும்புவோம்" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம். காட்டியதும் அனைவரும் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்பதில்லை. கோழை என்று ஏசுவதில்லை. அந்த ஒரு சைகையை வெட்கமின்றிக் காட்டக் கற்பதும் திறந்த நீரில் பெற வேண்டிய தேர்ச்சிதான். ஆழ்நீர் பழகும் உங்கள் பிள்ளைக்கு மற்றவற்றை ஆசிரியர் கற்றுக் கொடுப்பார். பாதியில் திரும்பி வந்தாலும் இந்த வீட்டில் உனக்கு மதிப்புக் குறையாது என்பதை நீங்கள்தான் கற்றுக் கொடுக்க வேண்டும்.