கரண்ட் போனால் போனும் போகும்!

வீட்டுப் போனை மாற்றப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் போன், பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்து 1992-ல் வந்தது. அன்றிலிருந்து அதற்கு என் மாமியார்தான் சொந்தக்காரர். மதுரையில் இருக்கும் நாத்தனாரிடம் தினமும் பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது வயது 79. செல்போன் வாங்கித் தந்தும், "எழுத்தும் தெரியலை, எங்க அமுக்கறதுன்னும் புரியலை" என்று ஓரமாய் வைத்து விட்டார்.

மழை பெய்தாலே கொரகொரவென்று இரையும் பழைய செம்புக் கம்பி இணைப்பை எடுத்துவிட்டு, போன வருடம் இன்டர்நெட்டோடு சேர்ந்து வரும் ஃபைபர் போனுக்கு மாறினோம். அதே நம்பர், அதே போன், குரலும் தெளிவு. பேரன் படிப்புக்கு நெட்டும் ஆச்சு. எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள், பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை. நான் உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தேன். தனியாக இருந்த மாமியார் அடுக்களையில் வழுக்கி விழுந்து விட்டார். எழுந்திருக்க முடியவில்லை. தவழ்ந்து தவழ்ந்து கூடத்துக்கு வந்து, ஒயரைப் பிடித்து இழுத்து, ரிசீவரைக் காதில் வைத்தால்... சத்தமே இல்லை! பாத்திரம் தேய்க்கும் அம்மா வந்து பார்க்கும் வரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பில் விரிசல்.

ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "கரண்ட் போனாலும் நம்ம போன் போகாதேம்மா, அன்னிக்கு மட்டும் ஏன் போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்து கொண்டேன். பழைய போனுக்கு வேண்டிய மின்சாரம், எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வரும். சுமார் 48 வோல்ட். அதனால்தான் ஊரே இருட்டில் கிடந்தாலும் அது பேசியது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி நம் வீட்டுக் கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் நின்றால் பெட்டி அணையும், போனும் ஊமை!

இதில் கொடுமை, எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பெட்டியை மாட்டிய பையன் டி.வி. பிளக்கில் சொருகிவிட்டுப் போனான். இன்வெர்ட்டர் லைனோ லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும். அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாற வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றுகிற அன்றே பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். வாங்கி வையுங்கள், பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்துப் பொருத்தமாக வாங்க வேண்டும். பிறகு மெயினை அணைத்துவிட்டு, போன் பேசுகிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். இதெல்லாம் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். 2018-ல் கஜா புயலின்போது டெல்டா பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்ததை மறக்க முடியுமா? அதனால், பெரிய பட்டன் வைத்த சாதாரண செல்போன் ஒன்றையும் பெரியவர்களுக்குப் பழக்கி வையுங்கள். நாங்கள் இப்போது மூன்றையும் செய்திருக்கிறோம், விழுந்த பிறகு!

இணைப்புத் தருபவர்கள், பில் யார் பேரில் வருகிறதோ அவரிடம்தான் பேசுகிறார்கள். பகலெல்லாம் அந்தப் போனை நம்பித் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் பேசுவதில்லை. "கரண்ட் போனால் இது வேலை செய்யாது பாட்டி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் சொல்லாவிட்டால் நாமாவது சொல்ல வேண்டாமா, தோழிகளே!

- ஒரு மருமகள், கும்பகோணம்.