ஜாரியாவின் நெருப்பும் நிலக்கரி ஏலமும்

ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916 முதல் மண்ணுக்கடியில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள தீயையும் நிலச்சரிவையும் எதிர்கொண்டு மக்களை மறுகுடியமர்த்த, 5,940 கோடி ரூபாய்க்கான திருத்திய திட்டத்துக்கு 2025 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. யார் செய்த சேதத்துக்கு மக்கள் பணம் செலவாகிறது என்று கேட்காமல் நிலக்கரி ஏலத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டத்தின் பனிப்பாறைகள் உருகி விலகிய பின், இன்றைய தாமோதர் பள்ளத்தாக்கின் சதுப்புகளில் குளோசாப்டெரிஸ் மரங்கள் அடர்ந்து வளர்ந்தன. வீழ்ந்த மரமும் இலையும் காற்றுப் புகாத நீரில் முழுதும் மட்காமல் தங்கின. நிலம் தாழத் தாழ ஆறுகள் அவற்றின்மீது மணலையும் சேற்றையும் கொட்டின. மீண்டும் காடு, மீண்டும் மணல். மேலேறிய சுமையின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் நீர் வெளியேறி, கரிமம் செறிந்து, நிலக்கரியாக இறுகியது. ஜாரியாவின் பராக்கர் பாறைத் தொகுதியில் இவ்வாறு பதினெட்டு முக்கிய அடுக்குகள் உள்ளன. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய உயர்தரக் கோக்கிங் நிலக்கரி இங்குதான் கிடைக்கிறது. இதில் எந்த முதலாளியின் மூலதனமும் இல்லை.

நிலத்தடிச் சுரங்கத்தில் கூரையைத் தாங்கக் கரித்தூண்கள் விடப்படும். அவற்றையும் எடுப்பதானால் வெற்றிடத்தை மணலால் நிரப்ப வேண்டும். மணலுக்குப் பணம் செலவாகும். தனியார் உரிமையாளர்கள் பலர் தூண்களைக் குடைந்தெடுத்தனர், மணலை நிரப்பவில்லை. கூரை சரிந்தது, பிளவுகள் வழியே காற்று நுழைந்தது. காற்றுப்பட்ட கரி தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது.

இந்த விரயத்தைத் தடுக்கவே 1972இல் கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்களும், 1973இல் மற்றவையும் நாட்டுடைமையாயின. அதனால் எல்லாம் சீராகிவிடவில்லை. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலாவில் வெள்ளம் புகுந்து 375 தொழிலாளர்கள் மாண்டபோது, அச்சுரங்கம் அரசின் நிர்வாகத்தில்தான் இருந்தது. ஆயினும் அரசுச் சுரங்கத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் அமைச்சரைக் கேட்க முடியும்.

2020 ஜூன் 18 அன்று தொடங்கிய வணிகச் சுரங்க ஏலம், வெட்டும் கரியை எவருக்கும் விற்கும் உரிமையைத் தனியாருக்கு அளித்தது. வருவாயில் அரசுக்குக் கூடுதல் பங்கு தர முன்வருபவருக்கே சுரங்கம் என்பது ஏலத்தின் விதி. அந்தப் பங்கை ஈடுகட்ட, பாதுகாப்புச் செலவிலும் கூலியிலும்தான் முதலில் கை வைப்பார்கள். ஜூலை 2 முதல் 4 வரை நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், ஆர்.எஸ்.எஸ். சார்பான பாரதிய மஸ்தூர் சங்கமும் அதில் இணைந்தது. ஏலத்தைக் கைவிட வேண்டும் என்ற அவர்களது கோரிக்கையை ஒன்றிய அரசு ஏற்கவில்லை. அடுத்தடுத்த சுற்றுகளாக ஏலத்தைத் தொடர்ந்தது.